மாட்டு டாக்டரின் நான்கு டயர்கள்

சேலத்துக்காரர்களிடம் சீசன் என்று சொன்னால் மூன்றுதான் நினைவுக்கு வரும். மாம்பழ சீசன், ஏற்காடு சீசன், ஐயப்பன் சீசன். முதலாவதில் தார் ரோடு செருப்பில் ஒட்டும். இரண்டாவதில் மலைப்பாதை முழுக்க வெளியூர் வண்டிகள் நிற்கும். மூன்றாவதில் மாலை போட்டவர்கள் ஒரு சின்ன காரில் ஏழு பேராக ஏறிக்கொண்டு கொட்டும் மழையில் மலை ஏறி இறங்குவார்கள். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே டயர் கொடுங்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று போன வாரம் நிவேதா ஃபோன் செய்தாள். ஃபேர்லேண்ட்ஸில் நான் வேலை பார்த்த டயர் கடையில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண் அவள். வாடிக்கையாளர்கள் செல்ஃபோனில் ‘ஆல் சீசன்’ என்று எதையோ படித்துவிட்டு வந்து நிற்கிறார்களாம். காரின் பெயரைத் தட்டினால் எந்தெந்த அளவு பொருந்தும் என்று ஃபோனே சொல்லிவிடுகிறதாம். “அப்புறம் நான் எதுக்குக்கா இங்க?” என்றாள்.

நியாயமான கேள்விதான். ஃபோனில் அரை மணி நேரம் பேசியும் எனக்குத் தீரவில்லை. அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். ஆகவே எழுதிவிடுகிறேன்.

நான் அந்தக் கடையில் பில் டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். சக்கரங்களைக் கோணல் இல்லாமல் நேராக்குகிற வீல் அலைன்மென்ட் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். மேனேஜர் சுந்தரம் சார் என்னைக் கூப்பிட்டு, “ஸ்டெல்லா, உனக்குத்தான் கோடு நேராப் போட வருது, நீ வா” என்று மெஷின் முன்னால் நிறுத்திவிட்டார். ஆரம்பத்தில் வண்டியை விட வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு ஆம்பிளை யாரும் இல்லையா என்று கேட்பார்கள். “இருக்காங்க. அவங்க கோணலா வெப்பாங்க, பரவாயில்லீங்களா?” என்பார் சார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். சில வருஷங்களில் டயர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. எனக்கு அது பிடித்தும் போயிற்று. மனிதர்கள் தங்கள் காரைப் பற்றிப் பேசும்போது சொல்லும் உண்மையைப் பாதிரியாரிடம்கூடச் சொல்வதில்லை.

சுந்தரம் சார் ராசிபுரத்துக்காரர், நெசவுக் குடும்பம். வண்டி உள்ளே வந்ததும் மற்ற கடைகளில் டயரைப் பார்ப்பார்கள். இவர் டயர் பக்கம் திரும்பவே மாட்டார். யார் ஓட்டுகிறீர்கள், அதிகம் எங்கே போகிறீர்கள், கூட யார் யார் ஏறுவார்கள் என்று விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முதலில் ஒரு பக்கமாகவும், பிறகு எதிர்ப்பக்கமாகவும் தடவுவார். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரம் கோணலாக ஓடுகிறது என்று அர்த்தம். புடவைத் துணியில் இழை பார்ப்பது மாதிரி கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வார். யாராவது “நல்ல டயரா ஒண்ணு குடுங்க” என்று கேட்டுவிட்டால் போதும். “யாருக்கு நல்ல டயர்?” என்று திருப்பிக் கேட்பார். வந்தவர் விழிப்பார். அந்த முழியைப் பார்ப்பதற்காகவே நான் பில்லை மெதுவாக அடிப்பேன்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது, நிவேதா. வெளிநாட்டில் பனிக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர் என்று மாற்றுவார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று போட்டுக்கொள்வதுதான் ஆல் சீசன். நமக்குப் பனி கிடையாது. நம் கடையில் சின்ன காருக்கு விற்பதெல்லாமே வெயிலுக்கும் மழைக்கும் பொதுவான டயர்தான். ஆனால் பொது என்றாலும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாயும். கெட்டி ரப்பர் நெடுநாள் ஓடும், ஈர ரோட்டில் பிடி குறையும். மெத்தென்ற ரப்பர் மழையில் கவ்விக்கொள்ளும், மாம்பழ சீசன் வெயிலில் சீக்கிரம் தேயும். நாமக்கல் பைபாஸில் மட்டும் ஓடுகிறவருக்கும் வாராவாரம் மலை ஏறுகிறவருக்கும் ஒரே டயரை நீட்டினால் நாம் ஃபோனைவிட மட்டம்.

அளவு மாற்றுவது அடுத்த தலைவலி. 155/80 R13 என்று டயரின் பக்கவாட்டில் இருந்தால், முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்துக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. கடைசி எண் உள்ளே இருக்கிற ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அகலம் கூட வேண்டுமென்றால் இரண்டாவது எண்ணைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தின் மொத்த உயரம் பழையபடியே இருக்கும். 155/80-க்குப் பதிலாக 175/70 போட்டால் உயரம் கிட்டத்தட்ட அதேதான், அந்த அகலத்தை ரிம் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உயரம் கூடிப் போனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். டயர் உள்பக்கம் உரசும். உரசுமா உரசாதா என்று கண்டுபிடிக்க சாரிடம் ஒரு முறை இருந்தது. சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உட்புறம் முழுக்கச் சாக்பீஸைத் தடவிவிடுவார். பிறகு வழக்கமாக ஏறுகிறவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டி வரச் சொல்வார், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து. சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே டயர் தொடுகிறது.

ஆளில்லாமல் ஓட்டிப் பார்ப்பதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். அம்மாபேட்டையில் பட்டு வியாபாரம் செய்கிற ஒரு புது மாப்பிள்ளை பெரிய அலாய் வீலும் அகல டயரும் போட்டே ஆக வேண்டும் என்று நின்றார். குடும்பத்தோடு வாருங்கள் என்றார் சார். அவரும் மனைவி, மாமனார், மாமியார், பின்னால் நாலு புடவை மூட்டை என்று வந்து இறங்கினார். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பின்பக்கம் இடதுபுறம் சாக்பீஸ் சுத்தமாக அழிந்திருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் மாமனார், ஆள் நல்ல வாட்டசாட்டம். மாமனாரை இந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் அழிந்தது. மாமனாரே இறங்கி வந்து, “மாப்ள, நானா வீலான்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க” என்றார். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய ரிம்மிலேயே ஒரு சுற்று அகலமான டயர் போட்டுக்கொண்டு போனார். அந்த யோசித்த கொஞ்ச நேரத்துக்காக வீட்டில் அவர் எத்தனை நாள் பதில் சொன்னாரோ தெரியாது.

இப்போது மாட்டு டாக்டரின் கதைக்கு வருகிறேன். என் வேலைக் காலத்தில் என்னை நிஜமாகவே குழப்பிய வண்டி அதுதான்.

மைதிலி நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்துப் பெண். கால்நடை மருத்துவம் படித்து, ரொம்ப நாள் காத்திருந்து, ஏற்காட்டில் வேலை கிடைத்திருந்தது. மலையில் ஊர் ஊராகப் போய் மாடும் ஆடும் பார்க்க வேண்டும், பஸ்ஸை நம்பினால் கன்று பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிடும். அதனால் பழைய சின்ன கார் ஒன்றை வாங்கியிருந்தாள். வாரம் முழுக்க மேலே தங்கி, சனிக்கிழமை இறங்கி ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலையில் மறுபடி ஏறுவாள். வண்டிக்குள் எப்போதும் மருந்து வாசனையும் சாண வாசனையும் கலந்து அடிக்கும். மலைப்பாதை, மழை, தனியாக ஓட்டுகிற பெண் என்று எல்லாம் கேட்டுக்கொண்டு, மழைப் பிடிக்கு நன்றாக இருக்கிற மெத்து ரப்பர் டயர் நாலும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அளவு கார் கம்பெனி சொன்ன அதே 155/80 R13.

ஒரு மாதத்தில் திரும்பி வந்தாள். வளைவில் வண்டி வழுக்குகிறது, குழியில் விழுந்தால் இடுப்பு வலிக்கிறது என்றாள். மீட்டர் வைத்துக் காற்றைப் பார்த்தேன், அந்தக் காருக்கு வேண்டிய முப்பது, சரியாக இருந்தது. அலைன்மென்டும் நூல் பிடித்தது மாதிரி இருந்தது. வேறு கம்பெனி டயர் மாற்றிக் கொடுத்தோம். அடுத்த மாதம் அதே புகார். மறுபடி காற்று முப்பது. காற்று எங்கே பிடிக்கிறாய் என்று கேட்டேன். மலையை விட்டு இறங்கியதும் அடிவாரத்து பங்க்கில் நிறுத்தி, முப்பது வைத்துக்கொண்டுதான் இங்கே வருகிறேன் என்றாள். சார் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, டயரின் நடுப்பகுதி மட்டும் ஒரு மயிரிழை அதிகம் தேய்ந்த மாதிரி இருக்கிறதே என்றார். நடு தேய்ந்தால் காற்று அதிகம் என்று அர்த்தம். ஆனால் காற்று முப்பதுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சின்ன கார் என்னை ஏமாற்றுகிறதே என்று அவ்வளவு எரிச்சல்.

ஐப்பசியில், திங்கட்கிழமை காலை மழையில், கொண்டை ஊசி வளைவொன்றில் கார் நேராகச் சறுக்கிப் போய்த் தடுப்புச் சுவரில் முகத்தை இடித்துக்கொண்டது. மைதிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர்தான் உடைந்தது. அந்த வாரச் சனிக்கிழமை மதியம் அவள் வந்தபோது அவள் அப்பாவும் ஊரிலிருந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

சின்னுசாமி என்று பெயர். லாரி ஓட்டியே லாரி வாங்கியவர், மூன்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குரல் தாழ்ந்து ஆனால் கறாராக வந்தது. “அம்மணி, உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க” என்று என்னிடம் ஆரம்பித்தார். “ரெண்டு சைஸ் பெருசாப் போட்டு வழுக்காமப் பண்ணிக் குடுங்க. ஆகாதுன்னா இன்னிக்கே சொல்லிப்போடுங்க. காரை வித்துப்போட்டு, புள்ளைய வேலைய உட்டுட்டு ஊட்டுக்கு வரச் சொல்லிர்றேன். எனக்கு ஒரே புள்ளைங்க.”

மைதிலி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவை எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. அழவும் இல்லை. கார் சாவியை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் வேலை போனால் அது நான் போட்ட டயரால்தான் போகும்.

அகலமான டயர் போட எனக்கு மனசில்லை. லேசான காரில் டயர் அகலமானால் தண்ணீர் தேங்கிய ரோட்டில் மிதக்கப் பார்க்கும், குறுகின டயர்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். அதை எப்படிச் சொல்வது என்று நான் 175/70-க்கும் 155/80-க்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருக்க, சார் காரைச் சுற்றி நடந்தார். சின்னுசாமியும் அவர் பின்னாலேயே நடந்தார். நடந்தவர், எங்கள் டூல் பெட்டியிலிருந்து வீல் ஸ்பானரைச் சாவகாசமாக எடுத்து, முன் டயரில் ஒரு தட்டுத் தட்டினார். தொப் என்றது. பின் டயரில் தட்டினார். அதுவும் தொப் என்றது.

“பாருங்க, காத்தே இல்லீங்களே” என்றார். “நான் வாராவாரம் புடிச்சு உடறேன், புள்ள மலையேறி எறங்கறதுக்குள்ள போயிருதுங்க.”

சார் நடப்பதை நிறுத்தினார். நான் மைதிலியைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்கள் காற்றுக்கு மீட்டர் வைப்பதைவிடக் கம்பியால் தட்டித்தான் பார்ப்பார்கள். காற்று நிறைந்த லாரி டயர் ணங் என்று சொல்லும். குறைந்தால் தொப் என்று சொல்லும். லாரி விஷயத்தில் அந்தக் காது தப்பாது, அதை நம்பித்தான் அவர்கள் இந்தியா முழுக்கப் போய் வருகிறார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் சின்னுசாமி ஊரில் தன் ஷெட்டில் நிற்கிற லாரிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகளின் காரையும் தட்டிப் பார்த்திருக்கிறார். தொப். அது ணங் என்று சொல்கிற வரைக்கும் காற்று ஏற்றியிருக்கிறார். அதை ஒரு வேலையாகவே அவர் நினைக்கவில்லை, வாசல் கேட்டைப் பூட்டுகிற மாதிரி அது. யாரிடமும் சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை அவள் உருண்டை உருண்டையாக நிற்கிற டயரோடு மலை ஏறியிருக்கிறாள். சனிக்கிழமை அடிவாரத்து பங்க்கில் அந்த ஆள் வழக்கமாக மெஷினில் முப்பதை வைத்து, அதிகத்தை இறக்கிவிட்டு அனுப்பியிருக்கிறான். எங்களிடம் வருகிறபோது எல்லாம் ஒழுங்கு.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, சார் முந்திக்கொண்டார். அவர் ஒருவரைக் குடும்பத்துக்கு முன்னால் திருத்தவே மாட்டார். “அண்ணா, நீங்க புடிக்கிற மாதிரியே புடிச்சுக் காட்டுங்க, பாப்போம்” என்று காற்றுக் குழாயை அவர் கையில் கொடுத்தார். சின்னுசாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு காற்று ஏற்றினார், தட்டினார், ஏற்றினார், தட்டினார். ணங் என்றதும் முகம் தெளிந்து நிமிர்ந்தார். நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டி நின்றது.

சார் வாளியில் தண்ணீர் எடுத்து அந்தச் சக்கரத்தை நனைத்து, காரைக் காய்ந்த சிமென்ட் தரையில் மெதுவாக உருட்டச் சொன்னார். தரையில் ஈரத் தடம் விழுந்தது. நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். பிறகு காற்றை முப்பதுக்கு இறக்கி, மறுபடி நனைத்து, பக்கத்திலேயே உருட்டினோம். இந்த முறை உள்ளங்கை முழுசும் பதிந்த மாதிரி தடம். இரண்டும் அருகருகே கிடந்தன.

சின்னுசாமி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். குறுகின தடத்தின் மேல் விரலை வைத்தார். அகலமான தடத்தின் மேல் வைத்தார். லாரிக்காரருக்கு இதற்கு மேல் எதையும் விளக்கத் தேவையில்லை.

“லோடு வண்டிக்கு அடிக்கிற காத்தை, பூன மாதிரி இருக்கற வண்டிக்கு அடிச்சுப்போட்டனே சாமி” என்றார் மகளிடம். “நானே உன்னை மூணு விரல்ல மலையேத்தி உட்ருக்கறேன்.”

மைதிலி பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணும் ஆகலீங்கப்பா” என்றாள். அடுத்த நொடி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் நான் அடக்கி வைத்திருந்ததும் வெடித்தது. கடைசியில் அவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். டயர் கழற்றிக்கொண்டிருந்த பையன்கள், டீ கொண்டு வந்தவர் எல்லோருமாகச் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கடையில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

அன்றைக்கு நாங்கள் எதுவும் விற்கவில்லை. அதே டயர், அதே அளவு, முப்பது காற்று. ஆனால் சின்னுசாமியின் பயம் முழுசாகப் போகவில்லை என்பது சாருக்குத் தெரிந்தது. வடக்கே சேர்வராயன் மலை மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. “மழை வருதுங்க, இப்பவே மேல போய்ப் பாத்துட்டு வந்துருங்க. அண்ணா, நீங்க முன்னாடி உக்காருங்க. ஸ்டெல்லா, நீ பின்னாடி ஏறிக்க” என்றார். மகள் ஓட்டி அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லையாம். லாரிக்காரர் அல்லவா, எந்த வண்டியில் ஏறினாலும் ஸ்டியரிங் அவர் கைக்குத்தான் போகும்.

ஏறினோம். என் மடியில் ஊசி மருந்துப் பெட்டி. அடிவாரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, வைப்பர் ஓயவில்லை. முதல் சில வளைவுகளில் சின்னுசாமியின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. “மெதுவா... மெதுவா...” என்று முணுமுணுத்தார். மைதிலி வளைவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கியரை இறக்கி, ஹாரன் அடித்து, வளைவின் வெளிப்பக்கமாக எடுத்து உள்ளே திருப்பினாள். கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. அவள் இடித்துப் பம்பரை உடைத்துக்கொண்ட அந்தத் தடுப்புச் சுவரும் வந்தது. ரோட்டில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன், சொல்வதற்கென்ன. கார் அந்த வளைவையும் மற்ற வளைவுகள் மாதிரியே திரும்பி மேலே போனது.

அதற்குப் பிறகு முன் சீட்டிலிருந்து சத்தமே இல்லை. கோபமோ என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மைதிலி கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அக்கா, அப்பா என்ன பண்றாரு?” என்று மெல்லக் கேட்டாள். எட்டிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சின்னுசாமி தூங்கிக்கொண்டிருந்தார்.

அவளிடம் சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ரோட்டைப் பார்த்தே பழகிய மனிதர், இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில், அதுவும் மழையில், மலையில் தூங்குகிறார். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷமாக அழுதேன்.

ஏற்காடு ஏரிப் பக்கம் போய் வண்டி நின்றதும் திடுக்கிட்டு விழித்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு, தூங்கவே இல்லாதவர் மாதிரி நேராக உட்கார்ந்தார். மூன்று பேரும் இறங்கி சூடாக பஜ்ஜி சாப்பிட்டோம். மழை விடவில்லை. இறங்குகிற பாதை ஏறுவதைவிட வழுக்கும். கிளம்புகிற நேரத்தில் மைதிலி கார் சாவியை அப்பாவிடம் நீட்டி, நீங்கள் ஓட்டுகிறீர்களா என்று கேட்டாள்.

அவர் சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை. முன் கதவைத் திறந்து மறுபடி அதே பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“நீயே ஓட்டு சாமி. நான் இன்னுங் கொஞ்சம் தூங்கோணும்.”